சாவித்திரியின் வழக்கு

மம்சாபுரத்திலிருந்து இளைஞர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அண்மையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள அவ்வூரிலிருந்து அவர் கேட்டிருப்பது மழையைப் பற்றியோ கண்மாயைப் பற்றியோ அன்று. ஒரு சினிமாக் கதாபாத்திரத்தைப் பற்றி. அவர் படமொன்றுக்குக் கதை எழுதிவருகிறாராம். கதாநாயகி தன்னைக் கொடுமை செய்த கணவனை விட்டு நீங்குகிறாள். பின்னர் அவன் வந்து அழைத்தும் போக மறுக்கிறாள். இதைக் கேட்ட நண்பர்களுள் ஒருவர், இப்பெண் நமது மண்ணின் பெண்ணாகத் தோன்றவில்லை என்றாராம். மற்றொருவர், இறுதியில் இருவரையும் சேர்த்துவைத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். எவர் சொல்வது நியாயம் என்று அவர் நம்மைக் கேட்கிறார்.

அரசியல் எழுதும் பத்திரிகைக்குச் சினிமாப் பாத்திரத்தைப் பற்றி என்ன கவலை என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழையென்பது நமது துணிபு. ஒரு ஜன சமூகம் எத்தகைய மனிதர்களைக் கண்டு கைதட்டுகிறதோ அத்தகைய மனிதர்களையே நாளடைவில் பெறுகிறது. நூறு பொதுக்கூட்டங்களில் நாம் பேசியும் புகாத கருத்து, ஓர் இரவு கொட்டகையில் உட்கார்ந்து எழுந்தவன் உள்ளத்தில் புகுந்துவிடுகிறது. இதை நம்மைவிட அந்நிய சர்க்கார் நன்றாக அறிந்திருந்தது. அதனால்தான் அது கட்டுரைகளைத் தடுத்ததோடு நில்லாமல் படங்களையும் தடுத்தது. ஆகவே மம்சாபுரத்து அன்பரின் கேள்வியை நாம் விளையாட்டாகக் கொள்ளவில்லை. அவருடைய கதாநாயகிக்கு முன்னவளாக நின்ற ஒருத்தி தமிழ்ப் படவுலகில் உண்டு. அவளை ஆராய்ந்தால் விடை தானே கிடைக்கும்.

அவள் பெயர் சாவித்திரி. படத்தின் பெயர் தியாகபூமி. கல்கி கதை எழுத, கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்ய, 1939-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த படம். அதே சமயத்தில் ஆனந்த விகடனில் படத்தின் காட்சிப் புகைப்படங்களோடு கதை தொடராகவும் வந்தது. எஸ். டி. சுப்புலக்ஷ்மி சாவித்திரியாகவும், பாபநாசம் சிவன் அவளுடைய தந்தை சம்பு சாஸ்திரியாகவும், கே. ஜே. மகாதேவன் கணவன் ஸ்ரீதரனாகவும், பேபி சரோஜா குழந்தை சாருவாகவும் தோன்றினர். காங்கிரஸ் மந்திரி சபை 1939 அக்டோபரில் பதவி துறந்த பின், 1940-இல் பிரிட்டிஷ் சர்க்கார் இப்படத்துக்குத் தடை விதித்தது. தடை வருமுன் சென்னை கெயிட்டி கொட்டகையில் படத்தை இலவசமாகக் காட்டியதையும், கூட்டத்தின்மீது தடியடி நடந்ததையும் அக்கால வரலாறு சொல்லுகிறது. ஒரு குடும்பக் கதைக்கு இத்துணை மரியாதையை வேறெந்தச் சர்க்கார் செய்தது?

கதையை அறியாத இளைய நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். சம்பு சாஸ்திரியார் ஆசாரமும் பக்தியும் உள்ள கிராமத்துப் பிராமணர். புயல் மழையில் வீடிழந்த சேரி மக்களுக்குப் புகலிடம் கொடுத்ததற்காக ஊரார் அவரை விலக்கிவைக்கிறார்கள். அவருடைய மகள் சாவித்திரியை, ஆங்கிலப் படிப்பும் மேனாட்டு மோகமும் கொண்ட ஸ்ரீதரன் வரதக்ஷிணை பெற்று மணக்கிறான். கல்கத்தாவில் அவனும் அவனுடைய தாயும் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. கர்ப்பிணியாக விரட்டப்பட்ட அவள் ஊர் திரும்பினால், தந்தை சென்னைக்குப் போய்விட்டார். சென்னையில் குழந்தை பிறக்கிறது. உறங்கும் தந்தையின் பக்கத்தில் குழந்தையை விட்டுவிட்டு அவள் பம்பாய் செல்கிறாள். அத்தையின் சொத்து கிடைத்துச் சில ஆண்டுகளில் உமாராணி என்னும் செல்வப் பெண்மணியாகத் திரும்புகிறாள். இப்போது ஸ்ரீதரனுக்கு மனைவி வேண்டியிருக்கிறது. தன்னோடு வாழ வரவேண்டுமென்று அவள்மீது கோர்ட்டில் வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள். மறுப்பதோடு நில்லாமல், வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். பின்னர் செல்வ வாழ்வை விட்டுத் தேச சேவையில் இறங்கிக் கைதாகிறாள். ஸ்ரீதரனும் மனம் மாறித் தேசத் தொண்டனாகிறான். இருவரும் சிறை செல்லும் வழியில் சேருகிறார்கள்.

இந்தப் பாத்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது? அவள் பட்ட துன்பத்தில் இல்லை. துன்பப்படும் மனைவியைத் தமிழ்ப் படங்கள் ஆயிரம் முறை காட்டியுள்ளன; பார்ப்போர் கண்ணீர் விட்டு, வீட்டுக்குப் போய், தம் மனைவியரை முன்போலவே நடத்தினர். அவளுக்குக் கிடைத்த பணத்திலும் உயிர் இல்லை. அது கதாசிரியர் கொடுத்த அதிர்ஷ்டம். சாவித்திரி பிறந்தது கோர்ட்டுக் கூண்டில். அதுவரை மற்றவர்கள் அவளுக்குச் செய்தனர். அங்கேதான் அவள் முதன்முதலாகத் தானே ஒன்று செய்கிறாள். கதாபாத்திரம் என்பதற்கு நாம் கூறும் இலக்கணம் இதுவே: நேர்ந்ததைத் தாங்குபவர் பாத்திரம் ஆகார், விலை கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுப்பவரே பாத்திரம் ஆவார்.

அவளுக்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். புராணத்துச் சாவித்திரி கணவனுக்காக யமனோடு வாதாடி வென்றவள். படத்துச் சாவித்திரி கணவனையே எதிர்த்து நீதிபதியின் முன் வாதாடுகிறாள். பெயர் பழையது, வாதம் புதியது. ஆனால் வாதாடும் பெண் நமக்குப் புதியவள் அல்லள். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்துச் சாட்சியம் காட்டிய கண்ணகி யார்? முதலில் தம்மைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று கௌரவர் சபையில் சட்டப் பிரச்னை கிளப்பிய பாஞ்சாலி யார்? வாதியாக ஒருத்தி, ஆட்சேபணை எழுப்பியவளாக ஒருத்தி, பிரதிவாதியாக ஒருத்தி: மூவரும் ஒரே மரபில் வந்தவர்கள்.

இனி வழக்கின் சட்டத்தைப் பார்ப்போம். தாம்பத்ய உரிமையை மீட்டுத் தரும்படி கோரும் வழக்கு நமது சாஸ்திரங்களில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் மதக் கோர்ட்டுகளிலிருந்து ஆங்கிலேயர் இறக்குமதி செய்தது அது. இங்கிலாந்து 1970-இல் சட்டம் செய்து அதைத் தன் நாட்டிலிருந்து ஒழித்துவிட்டது. அந்நியத் துணியைக் கொளுத்திய நாம் இந்த அந்நியச் சட்டத்தை மாத்திரம் பட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அதையே நமது புராதன தர்மம் என்றும் சிலர் மேடையில் பேசுகிறார்கள்!

சாவித்திரி கூண்டில் ஏறுமுன் 50 ஆண்டுகளுக்கு மேலாக, ரக்மாபாய் என்னும் பெண்மணி பம்பாய் ஹைக்கோர்ட்டில் இதே வழக்கில் நின்றார். 11-வது வயதில் மணமுடிக்கப்பட்டவர். கணவனோடு வாழ மறுத்ததால் 1884-இல் வழக்கு வந்தது. 1885-இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலில் அது மாறியது. 1887-இல், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று உத்தரவாயிற்று. சிறைக்கே செல்வேன் என்றார் அவர். கடைசியில் 1888-இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார். மனைவி கணவனுக்குப் பணம் கொடுத்து விடுதலை வாங்கிய நிகழ்ச்சி, கல்கியின் கற்பனைக்கு முன்னரே நடந்த சரித்திரம். ரக்மாபாய் பின்னர் லண்டன் சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜகோட்டிலும் டாக்டராகப் பல்லாண்டு தொண்டு செய்தார். அவர் காலமான ஆண்டு 1955. இந்து விவாகச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டுதான்.

இங்கே தேசியவாதிகளாகிய நாம் ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அன்று ரக்மாபாயை எதிர்த்து எழுதியவர்களுள் லோகமான்ய திலகரும் ஒருவர். சுயராஜ்யம் எமது பிறப்புரிமை என்று முழங்கிய அம்மகான், ஒரு பெண்ணின் சுயராஜ்யம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை. அவருடைய தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். இந்த விஷயத்தில் அவரைப் பின்பற்ற மாட்டோம். பெரியோரின் பிழையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1939-இல் சாவித்திரிக்கு என்ன சட்டப் பாதுகாப்பு இருந்தது? உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் கொடுமை என்று நிரூபித்தால் அவள் தப்பலாம். வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த கொடுமைக்குச் சாட்சி யார்? மாமியாரா? விவாகரத்து என்பது அவள் சமூகத்துக்கு அப்போது சட்டத்தில் இல்லை. தீர்ப்பு எதிராக வந்தால் என்ன ஆகும்? 1923-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தகைய டிக்ரிக்காகச் சிறையிடுதல் இல்லை. ஆயினும் சொத்தை ஜப்தி செய்யலாம். நேயர்கள் இந்த இடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏழைப் பெண்ணிடம் ஜப்தி செய்ய ஒன்றுமில்லை. உமாராணியிடம் எல்லாம் இருக்கிறது. அவளுடைய செல்வமே அவளைக் கட்டும் விலங்கு. அப்படியானால் அச்செல்வ வாழ்வை அவள் விட்டது வெறும் உணர்ச்சிப் பெருக்கு அன்று. சொத்தைத் துறந்தவளிடம் அமீனா எதை ஜப்தி செய்வான்? தியாகம் என்பது இங்கே அலங்காரச் சொல்லாக இல்லாமல் ஆயுதமாகவே ஆகிவிடுகிறது. கே. சுப்பிரமணியம் சட்டம் படித்தவர் என்பதை நினைவில் வைத்தால், இக்கதையின் எலும்புக்கூடு எவ்வளவு உறுதியானது என்பது விளங்கும். மம்சாபுரத்து அன்பர் இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம்: பாத்திரத்தின் செய்கை அவளுடைய நிலைமையிலிருந்து பிறக்க வேண்டும், ஆசிரியருடைய ஆசையிலிருந்து பிறக்கக் கூடாது.

படம் கேட்ட கேள்விகளுக்குச் சட்டம் மெல்ல மெல்ல விடை சொல்லிற்று. 1946-இல், கொடுமை, கைவிடுதல், மறுமணம் முதலிய காரணங்களுக்காக இந்து மனைவி தனியே வசித்து ஜீவனாம்சம் பெறலாம் என்று சட்டம் வந்தது. 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களின் பலதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாகாணத்தின் பிரதம மந்திரியாக வந்தவர், மம்சாபுரத்துக்கு அண்டை ஊராகிய ராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் செய்தது. அதைப் படித்தபோது நமக்குப் புன்னகை வந்தது. வருமானமில்லாத கணவன் மனைவியிடமிருந்து ஜீவனாம்சம் கோரலாம் என்று அதன் 24, 25-ஆம் பிரிவுகள் இடந்தருகின்றன. 1939-இல் கொட்டகையைத் திடுக்கிட வைத்த சாவித்திரியின் வார்த்தை, 16 ஆண்டுகளில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஸ்ரீதரனின் வழக்கையும் காப்பாற்றி வைத்தது. 1983-இல் ஆந்திர ஹைக்கோர்ட்டு அப்பிரிவு செல்லாதென்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் செல்லுமென்றது. 2019-இல் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் மனுச் செய்யப்பட்டது. ஆகவே சாவித்திரியின் வழக்கு பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். அது இன்னும் முடியவில்லை.

இவ்வளவு புகழ்ந்த நாம் குறையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முதற் குறை, முடிவு. கணவனும் மனைவியும் சிறை வழியில் சேருவதைக் கண்டு அன்றைய ஜனங்கள் மகிழ்ந்தனர். அதற்குச் சார்பாகச் சொல்லத்தக்கது உண்டு. சாவித்திரி ஸ்ரீதரனின் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்ரீதரனே அவள் இருக்குமிடத்துக்கு வந்தான். டிக்ரியால் அல்ல, மனமாற்றத்தால் வந்தான். எதிரியையும் வெறுக்காதே என்ற காந்தியடிகளின் உபதேசத்துக்கு இது பொருத்தமே. அவள் சிறை சென்றதும் கற்பனைக்கு ஒவ்வாததன்று. 1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லக்ஷ்மிபதி அம்மையார் சிறை சென்றதைத் தமிழ்நாடு கண்டிருந்தது.

ஆயினும் நமக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்ரீதரன் எவ்வாறு மாறினான்? சாவித்திரி தன் மாற்றத்துக்குப் பசியும் அவமானமும் பிள்ளைப் பிரிவும் விலையாகக் கொடுத்தாள். அவனோ கதர்ச் சட்டை ஒன்றை அணிந்துகொண்டான், எல்லாம் மன்னிக்கப்பட்டது. தேச சேவை என்பது வீட்டில் செய்த பாபத்தைக் கழுவும் தீர்த்தமாக இங்கே ஆகிவிடுகிறது. இது தேசத்துக்கும் நல்லதன்று, மனைவிக்கும் நல்லதன்று. மேடையில் சமத்துவம் பேசி, வீட்டில் கை ஓங்கும் தொண்டர்களை நாம் பார்த்ததில்லையா? நமது இயக்கங்களில் அத்தகையோர் இருந்தனர். எல்லாக் கட்சிகளிலும் இன்றும் இருக்கிறார்கள். மம்சாபுரத்து அன்பரின் நண்பர் சேர்த்துவைக்கச் சொன்னாரல்லவா? சேர்த்துவைப்பதில் தவறில்லை. ஆனால் கணவன் அதற்குரிய விலையைக் கொடுப்பதை நாம் கண்ணால் காண வேண்டும். ஊரார் முன்னிலையில் தன் குற்றத்தை அவன் ஒப்புக்கொள்ளட்டும். அவளுடைய மறுப்பை ஏற்று, அவளின்றி வாழக் கற்றுக்கொள்ளட்டும். அதன்பின் அவள் விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் வராதிருக்கட்டும். அந்தத் தீர்மானம் அவள் கையில் இருக்கும்வரையில்தான் அவள் பாத்திரம். ஆசிரியர் அதைப் பிடுங்கிக்கொண்ட கணத்தில் அவள் மறுபடியும் பொம்மை.

இரண்டாவது குறை இதனினும் பெரியது. இதைச் சொல்ல நமக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. சாஸ்திரியார் புகலிடம் கொடுத்தார் என்று போற்றுகிறோம். புகலிடம் பெற்ற சேரி மக்களை நினைத்துப் பார்க்கிறோமா? கதை முழுவதும் அவர்களுடைய துயரம் சாஸ்திரியாரின் பெருமையை விளக்கும் தீபமாக எரிகிறது. அவர்கள் நன்றி செலுத்துகிறார்கள், சேவையை ஏற்கிறார்கள். சாவித்திரி கூண்டில் நின்று தன் உரிமையைக் கேட்டதுபோல், அவர்களுள் ஒருவர் ஊர்ச் சபையின் முன் நின்று, எமக்கு வேண்டியது கருணையன்று, உரிமை என்று கேட்ட காட்சி நம் நினைவில் நிற்கவில்லை.

அக்காலத்தில் அத்தகைய மனிதர்கள் இல்லையோ என்றால், இருந்தார்கள். படம் வெளிவந்த ஏழு வாரத்துக்குள், 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரை மீனாக்ஷியம்மன் ஆலயத்தில் ஸ்ரீ வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. உள்ளே சென்றவர்களுள் கக்கனும் ஒருவர். விருதுநகர் சண்முக நாடாரும் உடன் சென்றார். வைத்தியநாதய்யரின் துணிவை நாம் என்றும் மறவோம். ஆனால் அன்று அடித்து நொறுக்கப்பட்டிருக்கக் கூடியது முதலில் யாருடைய முதுகு? வாசலைத் தாண்டிய கால்கள் யாருடையவை? அந்தக் கக்கனே பிற்காலத்தில் இந்த ராஜ்யத்தின் மந்திரியாகி, எளிமைக்கே இலக்கணமாக வாழ்ந்தார். கதாசிரியர்களின் கண்ணுக்கெதிரே இத்தகைய பாத்திரங்கள் உலாவிக்கொண்டிருந்தன. திரையிலோ அவர்கள் கைகட்டி நின்றனர். நாட்டில் நடந்தது படத்தை முந்திவிட்டது. நமது தேசிய எழுத்தாளர்களின் பெருங்குறை இது: தாழ்த்தப்பட்டோருக்காகப் பேசினோம், அவர்களைப் பேசவிடவில்லை.

இனி முதல் நண்பரின் ஆட்சேபத்துக்கு வருவோம். கணவனை மறுக்கும் பெண் நமது மண்ணின் பெண்ணாகத் தோன்றவில்லை என்றார் அவர். இதை அவர் எங்கே நின்று சொன்னார்? மம்சாபுரத்தில் நின்று! அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நோக்கி அவர் ஒரு முறை தலையைத் திருப்பியிருக்கலாம். அங்கே துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்டு, பூந்தோட்டக்காரராகிய பெரியாழ்வாரால் வளர்க்கப்பட்ட ஒரு பெண், மானிடருக்கு வாழ்க்கைப்படப் பேசினால் உயிர் தரியேன் என்று வாய் திறந்து சொன்னாள். ஊரார் என்ன சொல்லியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆனால் தந்தை அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் எண்ணம் யாதென்று கேட்டார். கேட்டபின் அவள் எண்ணத்தையே தம் எண்ணமாக்கிக்கொண்டார். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யதா இயற்றியதும் இவ்வூர்ப் பெண்ணைப் பற்றியதே. அவளைத் தெய்வமாக்கி, தேர் இழுத்து, மார்கழியெல்லாம் அவள் பாட்டைப் பாடுகிறோம். அவள் செய்ததை நம் வீட்டுப் பெண் செய்தால் மாத்திரம், இது நமது பண்பாடன்று என்கிறோம். தெய்வத்துக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?

பெரியாழ்வாரையும் சம்பு சாஸ்திரியாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வேறொன்றும் விளங்கும். இருவரும் பக்தர்கள், இருவரும் மகளைக் கண்ணெனப் போற்றியவர்கள். ஒருவர் மகளைக் கேட்டார். மற்றவர் கேட்காமல் வரதக்ஷிணை கொடுத்து அனுப்பிவிட்டார். சாவித்திரியின் துயரம் கல்கத்தாவில் தொடங்கவில்லை. அன்பான அந்தத் தந்தையின் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிற்று. நல்லவர் செய்யும் பிழையைக் காணும் கண் வாய்த்தால்தான் எழுத்தாளன் பாத்திரங்களைப் படைக்க முடியும். கெட்டவனைக் கெட்டவனாகக் காட்டுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அதைக் கொட்டகையில் இருப்பவர்களே செய்துகொள்வார்கள்.

மம்சாபுரத்து அன்பருக்கு நமது யோசனை இதுதான். உமது கதாநாயகியைப் பம்பாயில் தேட வேண்டாம். அத்தையின் சொத்தும் அவளுக்கு வேண்டாம். பொழுது விடியுமுன் மில் பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் சோற்று டப்பாவோடு நிற்கும் பெண்களை உமது ராஜபாளையம் சாலையில் நீர் நாள்தோறும் பார்க்கிறீர். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் வீடுகளை அறிவீர். தளவாய்புரத்தில் தையல் மெஷினின் முன் குனிந்த முதுகுகளை அறிவீர். அவர்களுள் ஒருத்தியை எடுத்துக்கொள்ளும். பின்னர் நான்கு கேள்விகள் கேளும். அவள் எதை விரும்புகிறாள்? அதைத் தடுப்பவர் யார். அவர் எந்தப் பிடியால் தடுக்கிறார்? மறுத்தால் அவள் இழப்பது என்ன? இழந்த பின் மறுநாட் காலையில் அவள் எங்கே எழுந்திருக்கிறாள்?

நான்காவது கேள்வியே கதையின் உரைகல். புரட்சி செய்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் பெண்ணை எவரும் எழுதிவிடலாம். மறுநாட் காலை அவளுக்கு அரிசி வேண்டும். வாடகை வீடு வேண்டும். புருஷனை விட்டு வந்தவளுக்கு வீடு கொடுக்க எத்தனை பேர் தயார்? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயர் கேட்பார்கள். தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்று தாய் அழுவாள். அந்த அழுகை பொய்யன்று. அதுவே அவளைக் கட்டும் உண்மையான கயிறு. தமிழ்நாட்டின் சில நூற்பாலைகளில், மூன்றாண்டு வேலை செய்தால் இறுதியில் மொத்தத் தொகை, அது கல்யாணச் செலவுக்கு என்று சொல்லி ஏழைப் பெண்களைச் சேர்த்த வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். சுமங்கலி என்று அதற்கு மங்கலமான பெயரும் வைத்தார்கள். 1961-இல் வரதக்ஷிணையைச் சட்டம் தடுத்தது. அதன் பின்னும் வரதக்ஷிணைக்காகத் தன் வாலிபத்தையே அடகு வைத்துக் கூலி சம்பாதித்த பெண்ணைவிடப் பெரிய பாத்திரம் எங்கே கிடைக்கும்? அவள் மூன்றாண்டின் முடிவில் கையில் வாங்கிய பணத்தை, மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்கு மாறாகத் தன் படிப்புக்கோ ஒரு தையற் கடைக்கோ செலவிடத் தீர்மானித்தால்? அந்த ஒரு தீர்மானத்தில் ஒரு படமே இருக்கிறது. கணவனும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். தகப்பனும் மகளும் ஒரு நோட்டுக் கட்டும் போதும். அதில் தகப்பனை வில்லனாக்கிவிடாதீர். அவர் மகளை நேசிப்பவராகவே இருக்கட்டும். அப்போதுதான் அவள் சொல்லும் மறுப்புக்கு விலை உண்டாகும்.

மற்றொன்றும் சொல்லி முடிக்கிறோம். உமது கதையில் கீழத்தெருக்காரர் ஒருவர் வந்தால், அவர் வாய்க்கு ஒரு வார்த்தை கொடும். கைக்கு ஒரு செய்கை கொடும். பிறருடைய நற்குணத்தை விளக்குவதற்காக அவரை நனையவிடாதீர். கல்கியும் சுப்பிரமணியமும் தங்கள் காலத்தில் போகக்கூடிய தூரத்துக்கு மேலும் சில அடி போனவர்கள். அதனால் தடையையும் பெற்றார்கள். அவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நின்று அவர்களைப் புகழ்ந்துகொண்டிருந்தால், அது நன்றியாகாது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நடப்பதே நன்றி.

தியாகபூமியின் பிரதியொன்று புனா தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. அன்று தடை செய்த சர்க்கார் போய்விட்டது, படம் இருக்கிறது. கூண்டில் நின்ற சாவித்திரியும் இருக்கிறாள். அவள் கேட்ட கேள்வி ஸ்ரீதரனை நோக்கி மாத்திரம் கேட்டதன்று. விடுதலை வேண்டும் என்று வீதியில் கோஷமிட்டுவிட்டு வீடு திரும்பும் ஒவ்வோர் ஆண்மகனையும் நோக்கி அவள் கேட்டது அது. மம்சாபுரத்து இளைஞர் தம் கதையில் அவளுக்கு ஒரு தங்கையைப் பெற்றுத் தருவாராக. அவளை எங்கே கொண்டு சேர்ப்பது என்று நண்பர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, பெரியாழ்வார் மகளைக் கேட்டதுபோல் அவளையே கேட்பாராக.